மருட்கையும் பெருமிதமும்: மீநாயகத் திரைப்படங்களின் வலிமையும் குறையும்

2010ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், மலேசியாவில் ‘எந்திரன்’ திரைப்படத்தின் பாடல்கள் வெளியிடப்பெற்றன. தமிழகத்தில் உருவான ஒரு படம் தன் பாடல் வெளியீட்டு விழாவை மலேசியாவில் நடத்தியது என்பது, இந்நாட்டுத் தமிழரை அத்திரையுலகம் எத்துணைப் பெரிய சந்தையாகக் கருதுகிறது என்பதற்குச் சான்றாகும். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் படம் திரைக்கு வந்தது. அதற்கு முன்னரே ஜொகூர் பாருவில் ‘ஸ்பைடர்மேன்’, ‘அயர்ன் மேன்’ முதலிய அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகிய ஓர் இளந்தலைமுறை இருந்தது. தந்தையர் பிராட்வே திரையரங்கில் தமிழ்ப் படமும் இந்திப் படமும் பார்த்தனர்; பிள்ளைகளோ பேரங்காடிகளில் அமைந்த திரையரங்குகளுக்குச் சென்றனர். இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே இருக்கை வரிசையில் அமர்த்திய படம் என ‘எந்திர’னைக் கூறுதல் தகும்.

இயல்பிறந்த ஆற்றல் வாய்ந்த நாயகனை மையமாகக் கொண்டு பெரும்பொருட்செலவில் எடுக்கப்படும் இவ்வகைப் படங்களைப் பொதுமக்கள் ‘சூப்பர் ஹீரோ’ படங்கள் என்பர். இக்கட்டுரையில் இவற்றை மீநாயகப் படங்கள் எனக் குறிப்போம். இவற்றைக் குழந்தைகளுக்குரியன என்று ஒதுக்கும் போக்கு நம் கல்வியாளரிடையே இன்றும் உண்டு. அதற்கு நேர்மாறாக, வசூல் தொகையைக் காட்டி இவையே திரைக்கலையின் உச்சம் என வாதிடும் மாணவரும் உளர். 2019-இல் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி அமெரிக்க வெள்ளி ஈட்டியது, அவ்வாண்டிலேயே புகழ்பெற்ற இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி இத்தகைய படங்களைப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு ஒப்பிட்டு, இவை திரைக்கலை ஆகா என்றார். இவ்விரு நிலைப்பாடுகளும் ஆய்வுக்கு உதவா என்பதே நம் கருத்து. நமக்கென ஓர் அளவுகோல் இருக்கையில் அதனைப் பயன்படுத்திப் பார்ப்பதே முறை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை நந்நான்காக வகுத்துள்ளார். அவற்றுள் வியப்பைக் குறிக்கும் மருட்கை, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினின்று பிறக்கும் என்பார். முன் காணாதது, அளவிற் பெரியது, அளவிற் சிறியது, ஒன்று மற்றொன்றாகத் திரிவது என இவற்றை விளங்கிக்கொள்ளலாம். மீநாயகப் படங்களின் காட்சி உத்திகள் அனைத்தும் இந்நான்கனுள் அடங்குவதைக் காண வியப்பாகவே உள்ளது. மலையளவு வளரும் அரக்கன் பெருமைக்கும், எறும்பளவு குறுகும் ‘ஆண்ட்மேன்’ சிறுமைக்கும், சாதுவான அறிவியலாளர் பச்சை நிறப் பேருருவாக மாறும் ‘ஹல்க்’ ஆக்கத்திற்கும் சான்றாவர். ‘எந்திரன்’ படத்தின் இறுதிப் பகுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றுகூடிப் பந்தாகவும் பாம்பாகவும் பேருருவ மனிதனாகவும் திரிகின்றனவே, அக்காட்சியில் நான்கும் ஒருங்கே வந்துவிடுகின்றன. அப்படத்தின் காட்சி விளைவுகளுக்குத் தேசிய விருது கிடைத்தது. சாபு சிரிலின் கலை இயக்கமும் அவ்வாறே சிறப்பிக்கப்பட்டது.

வீர உணர்வைக் குறிக்கும் மெய்ப்பாடு பெருமிதம். அது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கின் வழித் தோன்றும். இப்பட்டியலில் உடல்வலிமை இடம்பெறவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். தூணைப் பெயர்ப்பதும் வானில் பறப்பதும் பெருமிதத்தின் நிலைக்களன்கள் அல்ல. அவை காண்போருக்கு மருட்கையை மட்டுமே தரும். ஆகவே ஒரு மீநாயகப் படத்தை நோக்கி நாம் கேட்க வேண்டிய வினா, அது மருட்கையைத் தந்ததா என்பதன்று. பொருளும் கணினியும் இருப்பின் அதனை எவரும் தரலாம். மருட்கையிலிருந்து பெருமிதத்திற்கு அப்படம் சென்றதா, சென்றதாயின் எவ்வழியே சென்றது என்பதே வினா.

முகமூடியின் சிக்கல்

தமிழில் மீநாயகன் இறக்குமதிச் சரக்கு என்று எண்ணுவோர் 1954-இல் வெளியான ‘மலைக்கள்ள’னை நினைத்தல் வேண்டும். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் புதினத்தைத் தழுவி, மு. கருணாநிதியின் உரையாடலுடன் எடுக்கப்பட்ட அப்படத்தில் எம்.ஜி.ஆர். ஒரே ஆளாகப் பல வேடங்களில் வாழ்கிறார். ஊரார் அறிந்த செல்வர் ஒருவரும் ஊரார் அஞ்சும் கள்வனும் ஒருவரே என்பது கதையின் முடிச்சு. இரட்டை வாழ்வு, மறைவிடம், ஏழைக்கு உதவும் சட்டமீறல் என மீநாயகக் கதையின் உறுப்புகள் யாவும் அதில் உள்ளன. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுவே. பிற இந்திய மொழிகளிலும் சிங்களத்திலும் அது மீண்டும் எடுக்கப்பட்டது.

இத்தகைய தொடக்கம் இருந்தும் முகமூடி அணிந்த நாயகன் தமிழில் ஏன் வேரூன்றவில்லை? மிஷ்கின் இயக்கி 2012-இல் வெளியான ‘முகமூடி’, தமிழின் முதல் மீநாயகப் படம் என்னும் விளம்பரத்துடன் வந்து ஏமாற்றத்தில் முடிந்தது. அதற்கு முன், 2009-இல் ‘கந்தசாமி’யில் விக்ரம் சேவல் வேடம் பூண்டார். திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் மக்கள் கட்டிச்செல்லும் வேண்டுதற் சீட்டுகளைப் படித்து, முருகனின் பெயரால் ஒரு மனிதன் உதவுகிறான் என்னும் கருவில் மண்ணின் மணம் இருந்தது. முருகனின் கொடியிலிருந்த சேவலையே வேடமாக்கியதும் நல்ல கற்பனைதான். ஆயினும் படத்தின் பெரும்பகுதி பழிவாங்கலிலும் காதற் பாடல்களிலும் கரைந்துபோயிற்று.

நம் கருத்தில் சிக்கல் கதையில் மட்டுமன்று. தமிழ்த் திரையில் நடிகரின் முகமே முதலீடு. அம்முகம் தோன்றும் கணத்திற்காகவே அரங்கம் காத்திருக்கிறது. கற்பூரம் ஏற்றுவதும் சீழ்க்கை அடிப்பதும் அதற்காகவே. அமெரிக்க மரபில் கிளார்க் கெண்ட் என்னும் செய்தியாளரை எவரும் பொருட்படுத்துவதில்லை என்பதால்தான் அவர் சூப்பர்மேனாக மாறுவதில் சுவை உண்டு. தமிழ் நட்சத்திரமோ ஆட்டோ ஓட்டுநராக வரினும் பால்காரராக வரினும் முதற் காட்சியிலேயே இருபது பேரை வீழ்த்துகிறார். முகமூடி இல்லாமலே மீநாயகராக இருப்பவருக்கு முகமூடி தருவது, முதலீட்டைத் துணியால் மூடுவது போன்றது. 2005-இல் வெளியான ‘அந்நிய’னில் சங்கர் இதற்கு ஒரு தீர்வு கண்டார்: முகத்தை மறைக்காமல் உள்ளத்தைப் பிளந்தார். ஒரே மனிதனுள் அஞ்சி ஒடுங்கும் வழக்கறிஞர், ஒயிலான காதலன், தண்டிக்கும் அந்நியன் ஆகிய மூவரையும் வைத்தமையால் நடிகரின் முகம் மறைபொருளாகாமல் மேலும் பெருகிற்று.

எனினும் ‘அந்நிய’னின் அறம் நம்மைக் கலங்க வைக்கிறது. கெட்டுப்போன உணவு பரிமாறுபவருக்கும் தரக்குறைவான பொருள் விற்பவருக்கும் கருட புராணத் தண்டனைகள் வழங்கப்படுகின்றன. குற்றத்திற்கும் தண்டனைக்கும் இடையிலுள்ள அளவின்மையை அரங்கம் கைதட்டி ஏற்கிறது. கூட்டான ஒரு பொறுப்பின்மையை ஒரு தனிமனிதனின் கொலையால் தீர்க்கலாம் என்னும் நம்பிக்கையே இவ்வகைப் படங்களின் முதற்பெருங் குறையாகும். இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ‘தி டார்க் நைட்’ (2008) இக்குறையை அறிந்து, அதனையே தன் பொருளாக்கிக்கொண்டது. நகரைக் காக்கும் பொருட்டு எல்லோருடைய கைப்பேசியையும் ஒற்றுக்கேட்கும் நாயகனின் செயலை அவனுடைய உதவியாளரே ஏற்க மறுக்கிறார். கேள்வி கேட்கும் அத்தகைய குரலொன்று நம் படங்களில் அரிதாகவே ஒலிக்கிறது.

சிட்டியும் செல்வியும்

‘எந்திரன்’ குறித்து இங்குச் சற்று விரிவாகப் பேசுதல் தகும். சுஜாதாவின் பங்களிப்புடன் உருவான திரைக்கதை அது. படம் வெளியாகும் முன்னரே, 2008-இல் அவர் மறைந்தார். கற்றறிந்த எந்திரம் ஒன்றுக்கு உணர்ச்சி வந்தால் என்ன ஆகும் என்னும் வினா அறிவியற் புனைவில் பழையதே. ஆயினும் அவ்வினாவைத் தமிழ்க் குடும்ப வாழ்வின் நடுவில் வைத்த விதம் புதியது. கொசுவோடு பேசும் எந்திரம், பிரசவம் பார்க்கும் எந்திரம், காதலியின் பொருட்டுத் தன்னைப் படைத்தவனோடு பகைக்கும் எந்திரம் என அது படிப்படியாக வளர்கிறது.

அப்படத்தில் நம்மை இன்றும் உறுத்தும் காட்சி தீ விபத்தாகும். எரியும் குடியிருப்பிலிருந்து பலரைக் காக்கும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை ஆடையின்றியே தூக்கிவந்து ஒளிப்படக் கருவிகளின் முன் நிறுத்துகிறது. உயிரைக் காத்த எந்திரத்திற்கு மானம் என்பது தெரியவில்லை. அப்பெண் ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். மீநாயகப் படங்களின் அடிப்படை நம்பிக்கையாகிய ‘காப்பாற்றுதல்’ என்பதையே வினாவுக்கு உட்படுத்தும் காட்சி இது. காப்பவனுக்கு ஆற்றல் இருந்தால் போதாது, காக்கப்படுபவரின் உலகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இதனினும் கூர்மையாகச் சொன்ன அமெரிக்கப் படம் ஒன்றை நாம் அறியோம். ஆனால் அதே காட்சியில் படத்தின் குறையும் உள்ளது. செல்வி என்னும் அப்பெண்ணின் இறப்பு, எந்திரத்திற்கு உணர்ச்சி ஊட்ட வேண்டும் என்னும் அடுத்த கட்டத்திற்குக் காரணமாகப் பயன்பட்டபின் மறக்கப்படுகிறது. அவளை இழந்த வீட்டுக்குக் கதை திரும்பிச் செல்லவில்லை.

படத்தின் இறுதியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது. கை, கால், தலை என ஒவ்வோர் உறுப்பாக விடைபெறும் அக்காட்சியில் போர் இல்லை, வெடி இல்லை. கணினி வரைகலையின் ஆரவாரமெல்லாம் அடங்கியபின் வரும் அவ்வமைதியில்தான் படம் மருட்கையை விட்டுப் பெருமிதத்தைத் தொடுகிறது. தன்னையே கொடுத்தல் கொடையுள் தலையாயது அன்றோ!

2018-இல் வந்த ‘2.0’ இவ்வெற்றியைத் தொடரவில்லை. பறவையியலாளர் சலீம் அலியை நினைவூட்டும் தோற்றத்தில் அக்‌ஷய் குமார் நடித்த பட்சிராஜன், அண்மைக்காலத் தமிழ்ப் படங்களில் மிகுந்த இரக்கத்திற்குரிய எதிர்நாயகன். மனுக் கொடுத்து, வழக்குத் தொடுத்து, எங்கும் தோற்று, கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்ளும் முதியவரின் கதை அது. (கோபுர அலைகளால் பறவைகள் அழிகின்றன என்னும் படத்தின் கூற்றுக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்பதையும் இங்குச் சுட்டவேண்டும், கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டதும் அதனாலேயே.) முப்பரிமாணத்தில் நேரடியாகப் படமாக்கப்பட்ட அப்படம், அம்முதியவரின் வழக்குக்கு ஒதுக்கிய நேரத்தைவிட அவரை வீழ்த்துவதற்கு ஒதுக்கிய நேரமே பன்மடங்கு மிகுதி. வினா எழுப்பியவரை அழித்தபின் வினாவில் நியாயம் உண்டெனச் சொல்லுதல் இவ்வகைப் படங்களில் அடிக்கடி காணப்படும் தப்பித்தலாகும்.

இறவாத வீரர்கள்

நம் மரபில் வீரனுக்குக் கல் நட்டனர். அக்கல்லை நடும் முறையினைக் காட்சி, கால்கோள் முதலாக வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட, தமிழ் பிராமி எழுத்துடன் கூடிய நடுகற்களில் ஒன்று, ஆகோள் பூசலில் வீழ்ந்த ஒருவனைக் குறிக்கிறது. வீரன் வெற்றி பெற்றானா என்பதைவிட அவன் வீழ்ந்தான் என்பதே கல் நடுவதற்குக் காரணமாயிற்று. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் எழுப்பிய சிறு கோயில்களில் முனீஸ்வரனும் மதுரை வீரனும் காவல் தெய்வங்களாக நின்றனர். மதுரை வீரன் கதை மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட ஒருவனின் கதை, 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அம்முடிவை மாற்றவில்லை. தோட்டத் தொழிலாளருக்குக் காவலாக நின்றவன் தோற்கடிக்கப்பட்டவனே என்பது சிந்தனைக்குரியது.

இற்றை மீநாயகனோ இறப்பதற்கு உரிமையற்றவன். அவனை வைத்து அடுத்த படம் எடுக்க வேண்டியுள்ளது. பாத்திரப் பெயர்கள் முடிந்து விளக்குகள் எரியும் வரை பார்வையாளர் எழாமல் அமர்ந்திருப்பது, பார்த்த படத்தைப் பற்றிச் சிந்திப்பதற்காக அன்று, வரவிருக்கும் படத்தின் முன்னறிவிப்பைக் காண்பதற்காக. ‘எண்ட்கேம்’ படத்தில் அயர்ன் மேன் இறந்தபோது அரங்கில் எழுந்த அழுகை உண்மையானது. பதினொரு ஆண்டுகள் உடன் வந்த ஒருவன் திரும்ப வரமாட்டான் என்னும் நம்பிக்கையே அதனை உண்மையாக்கியது. தமிழ் வடிவத்தில் அப்பாத்திரத்திற்கு விஜய் சேதுபதி குரல் தந்ததை இரசிகர் பலர் குறைகூறியதும் உடைமையுணர்வால் எனலாம். அதன்பின் வந்த படங்கள் பலவற்றில் இணை அண்டங்கள் வழியே இறந்தவரெல்லாம் மீண்டனர். இறப்பு மீளக்கூடியதாக ஆனபோது அஞ்சாமைக்குப் பொருளில்லாமற் போயிற்று. 2023-இல் ‘தி மார்வெல்ஸ்’ அடைந்த பெருந்தோல்விக்குப் பல காரணங்கள் கூறப்படினும், முன்கதை பல தெரிந்தாலன்றி விளங்காத தன்மையையும் அவற்றுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

இவ்வழக்கம் தமிழுக்கும் வந்துவிட்டது. லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019) ஓரிரவுக்குள் முடியும், தன்னளவில் நிறைவான படம். மகளைப் பார்க்கச் செல்லும் தந்தைக்கு அவ்வொரு நோக்கமே போதுமானதாக இருந்தது. ‘விக்ரம்’ (2022) அதனோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது; ‘லியோ’வில் (2023) அப்பிணைப்பு கதைக்குத் தேவையான உறுப்பாக அன்றி அடையாள முத்திரையாகவே நின்றது.

தையற்காரனும் படம் வரைபவனும்

பெருஞ்செலவு இல்லாத இடங்களிலிருந்து இவ்வகைக்குப் புத்துயிர் வந்தமை குறிப்பிடத்தக்கது. பேசில் ஜோசப் இயக்கிய மலையாளப் படமான ‘மின்னல் முரளி’ (2021) ஒரு சிற்றூரின் தையற்காரனுக்கும் தேநீர்க்கடைப் பணியாளனுக்கும் ஒரே இரவில் மின்னல் தாக்கி ஆற்றல் வந்ததைச் சொல்கிறது. ஒருவன் நாயகன் ஆகிறான், மற்றவன் ஆகவில்லை. நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் ஏற்ற அவ்விரண்டாமவன், ஊர் முழுவதும் புறக்கணித்த ஒரு மனிதன். பல்லாண்டுகள் காத்திருந்த காதல் கைகூடும் நேரத்தில் எல்லாவற்றையும் இழக்கிறான். தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் இவ்வொரு பாத்திரத்தில் உள்ளன. இவனை வெறுக்க இயலாமையே அப்படத்தின் வலிமை.

மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023) தமிழில் இதுகாறும் வந்தவற்றுள் சிறந்த மீநாயகப் படம் என்பது எம் துணிபு. அதன் நாயகன் கோழை. நாளிதழுக்குப் படக்கதை வரைபவன். தான் வரையும் வீரனைப் போலத் தான் வாழ இயலாதவன். குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டு அரசு கட்டித் தந்த அடுக்குமாடிக்கு மாறிய குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. அக்கட்டடத்தின் சுவரோ கைபட்டால் உதிர்கிறது. அவனுக்கு வரும் ஆற்றல், அவனுக்கு மட்டும் கேட்கும் ஒரு குரலே. அடுத்து என்ன நிகழும் என்பதை அது கதைபோல் சொல்லிச் செல்கிறது. இங்கே பகைவன் வேற்றுலகினன் அல்லன். காரை பூசாத தூணும், சிமெண்டில் செய்த களவும் பகையாக நிற்கின்றன. ஜொகூர் பாருவில் தோட்டங்கள் மூடப்பட்டபின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்படத்தை அடையாளம் கண்டுகொண்டதில் வியப்பில்லை. மின்தூக்கி பழுதடைந்த நாளில் எட்டாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்கியவர்க்கு வேற்றுக்கோள் படையெடுப்பைவிட இது நெருக்கமானது.

பெண்ணைப் பொறுத்தவரை நம் படங்கள் பின்தங்கியே உள்ளன. 2025-இல் மலையாளத்தில் வந்த ‘லோகா’வில் கள்ளியங்காட்டு நீலியின் தொன்மம் மீநாயகி வடிவம் கொண்டது. பழையனூர் நீலியும் ‘நீலகேசி’ என்னும் காப்பியமும் உடைய மொழியில் அத்தகைய முயற்சி முன்னரே தோன்றியிருக்க வேண்டும்.

இறுதியாக இந்நாட்டு நிலை. மலாய்த் திரையுலகம் 2006-இல் ‘சிச்சாக் மேன்’ என்னும் பல்லி மனிதனைப் படைத்தது. அமெரிக்கப் பெருமிதத்தை நகைச்சுவையாக்கியது அதன் சிறப்பு. அதற்கும் முன், 1998 முதல் தொலைக்காட்சியில் வந்த ‘கெலுவாங் மேன்’ நமக்கு இன்னும் அணுக்கமானவன். கெலுவாங் என்பது பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயர். ஜொகூரின் குளுவாங் நகருக்கும் அதுவே பெயர்க்காரணம். அவ்வௌவால் மனிதனோ பேட்மேனைப் போல் மாளிகைவாசி அல்லன். ஜொகூர் பாருவை அடுத்த தம்போய் மனநல மருத்துவமனையில் தங்கியிருக்கும் நோயாளி. 2025-இல் அது முழுநீளத் திரைப்படமாகவும் வந்தது. செல்வந்தனின் கருவிக்கூடத்திற்கு மாற்றாக மனநல விடுதியை வைத்த அக்கற்பனைத் துணிவை நம் தமிழ்ப் படைப்பாளரிடம் எதிர்பார்ப்பது மிகையன்று.

மலேசியத் தமிழர் கதையோடு வந்த பெரும்படம் 2016 ஜூலையில் வெளியான ‘கபாலி’. தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பா. ரஞ்சித் உச்ச நட்சத்திரத்தின் வாயிலாகப் பேசவைத்தார். படம் மலாயிலும் மொழிமாற்றம் பெற்றது. ஆயினும் இங்குத் திரையிட்ட படியின் இறுதியில், நாயகன் காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் சேர்க்கப்பட்டது. மீநாயகனையும் ஒரு வரியால் கைதுசெய்ய இயலும் என்பதை நம் மாணவர் அன்று கண்டனர். அவ்வாண்டிலேயே மலேசியத் திரைப்பட விழாவில், மொழிவாரிப் பிரிவு பற்றிய எதிர்ப்புகள் எழுந்து அப்பிரிவு நீக்கப்பட்டபின், சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. தோட்டத்தை இழந்த ஒரு குடும்பத்தில், குண்டர் கும்பலின் நிழலில் வளரும் அப்போய் என்னும் சிறுவனின் கதை அது. அவனைக் காக்க எவரும் பறந்து வரவில்லை. ‘கபாலி’யைப் பார்த்த எத்தனை பேர் ‘ஜகாட்’டைப் பார்த்தனர் என்னும் வினாவை வகுப்பில் எழுப்பும்போதெல்லாம் உயரும் கைகள் சிலவே.